ஜக்குத் தண்ணீரைக் குடித்தது யார்

அன்புள்ள வாண்டுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் நலம், நீ அங்கே நலமா என்றுதான் ஆரம்பித்தேன், பிறகு முதல் பாதியை அடித்துவிட்டேன். அடித்தது உன் கண்ணில் படட்டும் என்று தாளை மாற்றவில்லை. பயப்படாதே, தலைபோகிற விஷயம் இல்லை, ஆனால் ஒன்றும் இல்லை என்றும் சொல்ல முடியாது. போனில் சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ பாதியிலேயே அய்யோ அம்மா என்பாய், உன்னைச் சமாதானப்படுத்துவதில் நான் பாதி விஷயத்தை விழுங்கிவிடுவேன். எழுதினால் வரிசையாக வரும், நீயும் குறுக்கே பேசாமல் கடைசிவரை படித்தாக வேண்டும். முப்பத்திரண்டு வயதுக்காரியை இன்னும் வாண்டு என்று கூப்பிடுவதற்குக் கோபித்துக்கொள்ளாதே, புதுப் பேர் யோசிக்க எனக்கு இப்போது தெம்பு இல்லை.

முதலில் வீட்டுச் செய்தி. அப்பா வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார் என்று பேர்தான், இன்னும் மூன்று கட்டடங்களின் லிஃப்ட் அவர் தலையில்தான் ஓடுகிறது. வாரத்துக்கு ஒன்று நின்றுவிடுகிறது, உடனே போன் வருகிறது, திருப்புளிப் பையைத் தூக்கிக்கொண்டு கல்யாண வீட்டுக்குப் போகிறவர் மாதிரிக் கிளம்பிவிடுகிறார். சமையலறைக் குழாய்க்கு லிஃப்ட் கதவின் ரப்பரை வெட்டி வாஷர் போட்டார், பத்து நாள் சொட்டவில்லை, பதினோராம் நாள் பழைய குருடி கதவைத் திறந்துவிட்டாள். உன் அறை அலமாரியில் என் பழைய பத்திரிகைகளை அடுக்கியிருக்கிறேன், நீ வருவதாகச் சொன்னால் எடுத்துவிடுவேன், ஒழுங்காகத் தேதி சொல். எங்கள் ஆபீஸை முதல் மாடிக்கு மாற்றிவிட்டார்கள். இருபத்திரண்டு படி, லிஃப்ட் கிடையாது. லிஃப்ட் மெக்கானிக் பொண்டாட்டிக்கு வந்த வாழ்வைப் பாரு என்று கமா சிரிக்கிறார். கமாவை உனக்கு ஞாபகம் இருக்கும், நான் எழுதுவதைத் திருத்துகிற உதவி ஆசிரியர், மூச்சுவிடும் இடமெல்லாம் கமா போட்டுப் போட்டு அதையே பேராக வாங்கிக்கொண்டவர். அந்த இருபத்திரண்டில் பதினான்காம் படியில் நான் நின்றுவிடுவேன், பைக்குள் எதையோ தேடுவதுபோல. ஒரு வருடமாகவே இப்படித்தான். காலையில் எழுந்திருக்கும்போதே ஒரு நாள் வேலையை முடித்துவிட்டு வந்த மாதிரி இருக்கும். ஐம்பத்தெட்டு வயது, முப்பத்தொரு வருடம் வெயிலில் அலைந்த உடம்பு, சோராமல் என்ன செய்யும் என்று நானே பதில் சொல்லிக்கொண்டேன். அந்தப் பதிலை யாராவது அதிகாரி எனக்குச் சொல்லியிருந்தால் விட்டிருப்பேனா, நாலு கேள்வி கேட்டிருப்பேன்.

நான்கு மாதத்துக்கு முன்னால், தெரியாமலே சர்க்கரை நோயோடு நடமாடுகிறவர்களைப் பற்றி நாலு நாள் தொடர் ஒன்று எழுதினேனே, நீகூடப் படித்துவிட்டு நல்லா இருக்கு என்றாய். அதற்காக ஒரு இலவசப் பரிசோதனை முகாமில் காலை முழுதும் உட்கார்ந்திருந்தேன். பள்ளிக்கூடக் கூடம், இரண்டு மேசை, வாசல்வரை வரிசை. விரலில் ஊசி குத்தி ரத்தம் எடுத்த பெண் ஒருத்தி, முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும், கை ஓயாமல் வேலை செய்துகொண்டே எனக்கும் பதில் சொன்னாள். அதிகத் தாகம், அடிக்கடி சிறுநீர், காரணமில்லாத இளைப்பு, ஆறாத புண், மங்கும் பார்வை, சோர்வு என்று அவள் சொன்ன அறிகுறிகளை ஒன்றுவிடாமல் எழுதிக்கொண்டேன். அறிகுறியே இல்லாமலும் இருக்கும், அதனால்தான் பாத்துக்கணும் என்றாள், அதையும் எழுதிக்கொண்டேன். கடைசியில் கூட்டம் குறைந்ததும், நீங்களும் கையை நீட்டுங்கம்மா, ஒரு சொட்டுதான் என்றாள். நான் செய்தி எழுத வந்தவம்மா, எனக்கு எதுக்கு என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். ஊர்வலத்தை எழுதப் போகிறவள் ஊர்வலத்தில் நடக்கக் கூடாது என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம். அதை ரத்தப் பரிசோதனைக்கும் சேர்த்துப் பிடித்துக்கொண்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

தொடர் வெளிவந்த அடுத்த வாரம் குளியலறையில் எறும்பு. கழிப்பறைப் பீங்கானின் ஓரமாக, சுவரில் ஏறி, ஒற்றை வரிசை. கழுவிவிட்டால் மறுநாள் மறுபடியும். சிறுநீரில் சர்க்கரை இறங்கினால் எறும்பு மொய்க்கும் என்பார்கள். வீட்டில் இருப்பது இரண்டு பேர். ஒருவர் நான், செய்தி எழுதுகிறவள். அப்படியானால் மற்றவர்தான் என்று உன் அம்மா முடிவுகட்டிவிட்டாள். அன்றிலிருந்து ஒரு குறிப்பேடு போட்டு அப்பாவைக் கவனிக்க ஆரம்பித்தேன். சிரிக்காதே. தேதி போட்டு எழுதினேன். மேசைமேல் இருந்த இரண்டு லிட்டர் ஜக்கு சாயங்காலத்துக்குள் காலி. சாப்பிட்டவுடன் அரை மணி நேரம் நாற்காலியிலேயே தூக்கம். பெல்ட்டில் ஒரு ஓட்டை உள்ளே போயிருக்கிறது. இரவில் கழிப்பறைக் கதவுச் சத்தம், மூன்று தடவை. இத்தனையும் சேர்ந்ததும் அவரை உட்காரவைத்துச் சொன்னேன். எனக்கு என்ன கேடு, குத்துக்கல்லு மாதிரி இருக்கேன் என்றார். தூக்கத்தைப் பற்றிக் கேட்டால், நாற்பது வருஷமா சாப்பிட்டதும் தூங்குறேன், அப்பல்லாம் உனக்கு நியூஸ் கிடைக்கலையா நிருபரம்மா என்றார். ரத்தம் கொடுக்க வரமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தார். ஊசி என்றால் அவருக்கு எப்போதும் உதறல்தான், பத்து மாடி உயரத்தில் கம்பியைப் பிடித்துத் தொங்குவார், ஒரு ஊசிக்கு முகம் வெளுத்துவிடும். சரி, பரிசோதனைக்கு வராவிட்டால் சாப்பாட்டில் கைவைக்கிறேன் என்று இறங்கினேன்.

ஆறு வாரம், வாண்டு. அப்பா தட்டில் ஒன்றரைக் கரண்டி சோறு, மிச்சம் முழுக்கக் காய். வெள்ளை ரொட்டி போய் முழுத் தானிய ரொட்டி வந்தது. டீயில் சர்க்கரை கிடையாது, பிஸ்கட் டப்பா என் அலமாரிக்குப் போய்விட்டது. பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா பாகற்காய்ச் சாறு கொடுக்கச் சொன்னாள், அதையும் ஒரு வாரம் கொடுத்துப் பார்த்தேன், குடித்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை எழுத முடியாது. லிஃப்ட்டுலகூட ஆறு பேர், நானூத்தம்பது கிலோன்னு பலகை வச்சிருப்பான், என் தட்டுக்கும் இவ பலகை மாட்டிட்டா என்று தெருவில் போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். ஆனாலும் சாப்பிட்டார், அதையும் சொல்ல வேண்டும், ஒரு நாள்கூடத் தட்டைத் தள்ளவில்லை. அந்த ஆறு வாரமும் நான் என்ன செய்தேன் தெரியுமா, அவர் விட்ட பிஸ்கட்டை வீணாகக்கூடாதே என்று ஆபீஸுக்கு எடுத்துப்போய் டீயில் நனைத்துத் தின்றேன். ஒரு நாளைக்கு ஐந்தாறு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சர்க்கரை. வேறு எதில் வரும் தெம்பு. நான் இளைத்துப்போனதைப் பார்த்து, என்னக்கா, பத்து வயசு குறைஞ்ச மாதிரி இருக்கீங்க என்று ஆபீஸில் சொன்னார்கள், சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டேன். காகிதம் வெட்டும் கத்தி இடது கட்டைவிரலில் கீறியது, மூன்று வாரமாகப் பிளாஸ்திரி மாற்றிக்கொண்டிருந்தேன். அதெல்லாம் குறிப்பேட்டில் இல்லை. குறிப்பேடு அப்பாவைப் பற்றியது அல்லவா.

நடுவில் ஒரு தப்பு நடந்தது. இதை உனக்குச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. ஒரு பஸ் சுவரில் மோதி மூன்று பேருக்குக் காயம். மருத்துவமனைப் பதிவேட்டை நானே போய்ப் பார்த்துத்தான் எழுதினேன், எனக்கு மட்டும் அந்த மூன்று எட்டாகத் தெரிந்தது. எட்டுப் பேர் காயம் என்று அச்சாகிவிட்டது. அந்தப் பஸ்ஸில் தினமும் வேலைக்குப் போகிறவரின் மனைவி காலையில் பத்திரிகையைப் பார்த்துவிட்டு ஓடி, மூன்று பேர் பட்டியலில் அவர் இல்லை, அப்படியானால் மிச்சம் ஐந்து பேர் எங்கே என்று வார்டு வார்டாகத் தேடியிருக்கிறாள். அவர் அன்றைக்குக் கடையில் பத்திரமாக வேலை பார்த்துக்கொண்டிருந்தார். மத்தியானம் அவள் ஆபீஸுக்கு வந்தாள். திட்டவில்லை. கண்ணு தெரியலைன்னா யாரையாவது கூட வச்சுப் படிக்கக் கூடாதாம்மா என்று மட்டும் கேட்டாள். மறுநாள் இரண்டாம் பக்கத்தில் திருத்தம் போட்டோம். முப்பத்தொரு வருடத்தில் என் செய்திக்கு வந்த முதல் திருத்தம். கமா அந்த நாலு வரியில் ஒரு கமாகூடப் போடவில்லை. வெளியே வரும்போது மெதுவாக, அக்கா கண்ணைக் காட்டுங்க என்றார். கண்ணாடிக் கடையில் நம்பர் மாற்றிக்கொண்டேன், பத்து நாள் தெளிவாகத் தெரிந்தது, பிறகு மறுபடி மங்கல். கடைக்காரர்மேல்தான் கோபம் வந்தது.

ஆறாவது வாரம் அப்பா ஒரு நிபந்தனை போட்டார். நீயும் ரத்தம் குடு, அப்பத்தான் நானும் குடுப்பேன், ஊசின்னா எப்படி இருக்கும்னு உனக்கும் தெரியட்டும் என்றார். துணைக்குத்தானே, கொடுத்தால் போகிறது என்று இருவரும் காலையில் வெறும் வயிற்றோடு போனோம். பரிசோதனைக்கூடத்தில் அதே முகாம்காரப் பெண். அப்பா கண்ணை இறுக மூடிக்கொண்டு என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார், இன்னும் நகக்குறி இருக்கிறது. சாயங்காலம் இரண்டு தாள் வாங்கினேன். அப்பாவுக்கு வெறும் வயிற்றில் தொண்ணூற்றிரண்டு, மூன்று மாதச் சராசரி ஐந்து புள்ளி நான்கு சதவீதம், இரண்டும் சரியான அளவு. எனக்கு நூற்றுத் தொண்ணூற்று நான்கு, சராசரி ஒன்பது புள்ளி ஒன்று. அதை நின்றபடி இரண்டு தடவை படித்தேன், மூன்றை எட்டாகப் படித்தவள் ஆயிற்றே என்று அப்பாவிடமும் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். அவரும் அதையேதான் படித்தார். உடனே எனக்குத் தோன்றியது என்ன தெரியுமா, ரத்தம் எடுத்த குழாய் மாறிவிட்டது. சந்தேகமே இல்லை, பேரை மாற்றி ஒட்டிவிட்டாள். இதை வைத்தே ஒரு செய்தி எழுதலாம் என்றுகூட மனம் ஓடியது. வேகமாகத் திரும்பிப் போய் நாலு பேர் எதிரில் அவளைக் கேட்டேன். அவள் குரலை உயர்த்தவில்லை. ஸ்டிக்கர் ஒட்டினப்புறம்தாம்மா நான் ஊசியையே கையில எடுப்பேன் என்றாள். எப்படி நம்புவது என்று கேட்டேன். விரலை நீட்டுங்க என்று சின்ன மெஷினை எடுத்தாள். மத்தியானம் சாப்பிட்டு நாலு மணி நேரம், நடுவில் ஒரு டீ. ஐந்து நொடியில் இருநூற்று எண்பத்தொன்று என்று காட்டியது. மெஷினை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, அன்னிக்குக் கேட்டதுக்குச் செய்தி எழுத வந்தவன்னு சொன்னீங்க, இப்ப யாரோட ரத்தம்னு நீங்களே பாத்துக்கிட்டீங்களா என்றாள். அவளுக்கு ஞாபகம் இருந்திருக்கிறது. நான் மன்னிப்புக் கேட்டேன். பரவால்லம்மா, பத்துப் பேர்ல நாலு பேர் குழாய் மாறிடுச்சுன்னுதான் வருவாங்க என்றாள்.

வீட்டுக்கு வரும்வரை இரண்டு தாளையும் அப்பாவே வைத்துக்கொண்டார். கேலி செய்வார் என்று எதிர்பார்த்தேன், செய்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வந்ததும் அந்தக் குறிப்பேட்டை எடுத்துவரச் சொன்னார். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, லிஃப்ட் பழுது பார்க்கும்போது அட்டையில் டிக் போடுவாரே, அப்படி ஒவ்வொரு வரியாகக் கேட்டார். ஜக்கு காலின்னு எழுதிருக்கே, இந்தத் தேதியில நான் பகல்ல வீட்டுலயே இல்ல, யார் குடிச்சது என்றார். நான்தான். அன்றைக்கு வீட்டிலிருந்தே எழுதினேன், எழுத உட்கார்ந்தால் கை பாட்டுக்கு ஊற்றிக் குடிக்கும், எழுதுகிற கைக்கு அது தெரியாது. ராத்திரி கதவுச் சத்தம் யாரு என்றார். பாதி அவர், முக்கால்வாசி நான். கணக்குத் தப்பாக இருந்தாலும் அப்படித்தான் சொன்னேன், அவரும் திருத்தவில்லை. பெல்ட்டு புதுசு, அதோட ஓட்டைக் கணக்கே வேற என்றார். எறும்பு என்று கடைசி வரிக்கு வந்தபோது நிறுத்திவிட்டார். குறிப்பேட்டை மூடிவைத்துவிட்டு, ஏழாவது மாடில கடகடன்னு சத்தம் வரும், அங்கயே நின்னு கழட்டிக்கிட்டு இருப்பாங்க, கோளாறு மூணாவது மாடில இருக்கும், இது எல்லா மெக்கானிக்கும் பண்ற தப்புதான், விடு என்றார். அப்புறம் எழுந்துபோய் டீ போட்டார், ஆறு வாரத்துக்குப் பிறகு தன் டம்ளரில் இரண்டு கரண்டி சர்க்கரை போட்டுக் கலக்கினார், சர்க்கரை போடாத டம்ளரை என் முன்னால் வைத்தார். நான் ஒரு வாய் குடித்தேன். அவர் தன்னுடையதைத் தொடவே இல்லை. மறுநாள் காலை அந்த டம்ளரைச் சுற்றித்தான் எறும்பு.

டாக்டரைப் பார்த்தோம். பொறுமைசாலி, எழுதிவைத்திருந்த பதினோரு கேள்விக்கும் பதில் சொன்னார். எறும்பு வந்தாலும் வராவிட்டாலும் ரத்தம்தான் சாட்சி, இன்னொரு நாள் மறுபடி பார்த்து உறுதி செய்துகொள்ளலாம் என்றார். பார்த்தோம், அதேதான். குறைந்தது இரண்டு மூன்று வருடமாகவே இருந்திருக்கும் என்றார். காலையும் மாலையும் ஒரு மாத்திரை. பாகற்காயைக் காயாகச் சாப்பிடுங்கள், மாத்திரைக்குப் பதிலாகச் சாப்பிடாதீர்கள் என்றார். கண்ணின் உள்ளே பார்க்கத் தனியாக அனுப்பினார், விழித்திரையில் சின்னதாக இரண்டு புள்ளி ரத்தக் கசிவு இருக்கிறதாம், இப்போதைக்கு வைத்தியம் வேண்டாம், சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தால் அப்படியே நிற்கலாம், ஆறு மாதத்தில் மறுபடி வர வேண்டும். நிற்கலாம் என்றாரே தவிர நிற்கும் என்று சொல்லவில்லை, நானும் இரண்டு தடவை கேட்டுப் பார்த்தேன். ஆபீஸில் எண் வருகிற செய்திகளைக் கமா எனக்குச் சத்தமாகப் படித்துக் காட்டிவிட்டுத்தான் அச்சுக்கு அனுப்புகிறார், அவமானமாகத்தான் இருக்கிறது, வார்டு வார்டாகத் தேடிய அந்தப் பெண்ணை நினைத்துப் பொறுத்துக்கொள்கிறேன். இப்போது அதே ஒன்றரைக் கரண்டிச் சோறு எனக்கு. அப்பாவுக்குப் பழையபடி போடுகிறேன் என்றால், ஆறு வாரம் பழகிட்டேன், ஒரே மேசைல ரெண்டு சமையல் எதுக்கு என்கிறார். சாப்பிட்டதும் தூங்குவதை நிறுத்திவிட்டு என்னை நடக்கக் கூட்டிப்போகிறார், நாற்பது வருடத் தூக்கம், யோசித்துப் பார். மூன்று வாரம் ஆகிறது. சோர்வு போய்விட்டது என்று எழுத ஆசைதான். போகவில்லை. பதினாறாம் படிவரை நிற்காமல் ஏறுகிறேன், அவ்வளவுதான்.

இனிமேல்தான் இந்தக் கடிதத்தின் விஷயம். டாக்டர் முதலில் கேட்டது, உங்கள் பெற்றோருக்கு இருந்ததா என்று. தெரியாது என்றேன். என் அப்பா கடைசிக் காலத்தில் எலும்பும் தோலுமாக இருந்தார், எல்லாரும் வயசு என்றார்கள், யாரும் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்க்கவில்லை. ஊரெல்லாம் கேள்வி கேட்டுச் சம்பாதித்தவள் சொந்த அப்பாவைப் பற்றிச் சொல்ல முடிந்த பதில் அந்த ஒரு வார்த்தை. நேற்று உன் கடைசி இரண்டு கடிதத்தையும் எடுத்துப் படித்தேன். எட்டு மணி நேரம் உட்கார்ந்து கட்டட வரைபடம் போடுகிறேன், நிமிர்ந்தால் தூக்கம் தூக்கமாக வருகிறது என்று எழுதியிருக்கிறாய். இரண்டாவதில், புதுக் கண்ணாடி போட்டேன், ஆனாலும் கோடுகள் கலங்கித் தெரிகின்றன என்று இருக்கிறது. போன வாரம் வீடியோவில் பேசினோமே, இருபது நிமிடத்தில் இரண்டு பெரிய பாட்டில் பழச்சாறு குடித்தாய். அதிகப் பிரசங்கி அம்மா மறுபடியும் குறிப்பேடு போட்டுவிட்டாள் என்று நினைப்பாய். நினைத்துக்கொள். இதற்குமுன் தப்பான ஆளைப் பிடித்தவள்தான் நான், இந்தத் தடவையும் தப்பாகவே இருக்கட்டும், திருத்தம் போட்டுச் சந்தோஷமாகக் கையெழுத்துப் போடுவேன். ஆனால் நீ போய்ப் பார்க்க வேண்டும். போவதற்கு முன்னால் பத்து நாள் பட்டினி கிடந்து நல்ல பிள்ளை ஆகாதே, எப்போதும்போல் சாப்பிட்டுவிட்டு, முதல் நாள் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு தண்ணீர் மட்டும் குடித்து, காலையில் வெறும் வயிற்றில் கொடு, மூன்று மாதச் சராசரியையும் கேட்டு வாங்கு. வேலை இருக்கிறது என்று சொல்லாதே, அதைச் சொல்லித்தான் நான் அந்த முகாமில் கையை நீட்டாமல் வந்தேன். உன்னை எந்த டாக்டராவது அம்மாவுக்கு இருக்கா என்று கேட்டால், நீ தெரியாது என்று சொல்ல வேண்டியதில்லை. இருக்கிறது, ஐம்பத்தெட்டு வயதில் கண்டுபிடித்தோம் என்று சொல்.

அப்பா தன் ஆசியையும் சேர்க்கச் சொல்கிறார், ஊசி ஒண்ணும் அப்படி வலிக்கலைன்னு எழுது என்கிறார், நகக்குறியைக் காட்டினேன், எழுந்து போய்விட்டார். நீ நூறு வருடம் தெளிந்த கண்ணோடும் ஆறுகிற காயங்களோடும் இருக்க வேண்டும், எனக்கு வேறு வரம் கேட்கத் தோன்றவில்லை. குளிர் காலம் வருகிறது, காதை மூடிக்கொண்டு போ. பதில் எழுதும்போது நான் நலம் என்று ஆரம்பிக்காதே, உன் எண்ணை எழுதி ஆரம்பி. என்னுடையது கீழே இருக்கிறது, இன்று காலை எடுத்தது, அப்பாவும் ஒரு தடவை படித்துச் சரிபார்த்துவிட்டார்.

இப்படிக்கு உன்
அம்மா
(நூற்று நாற்பத்தெட்டு)